இடது பக்கத்து நீலம்

அந்த வீட்டில் அவளுக்கு அக்கா என்றுதான் பெயர். முதலில் தம்பி அப்படிக் கூப்பிட்டான், பிறகு தெருவே கூப்பிட்டது. அவள் பாத்திரம் கழுவும் ஓட்டலில் அவளைவிட மூத்த சமையல்காரர்கூட "அக்கா, அந்த அண்டா என்னாச்சு?" என்றுதான் கத்துவார். தம்பி பெண்டாட்டி மட்டும் முறைப்படி அண்ணி என்பாள். அவளுக்கு அக்கா வைத்திருந்த பெயர் வாயாடி. அது வசவு இல்லை. அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி அவளுக்குப் பொருந்திய பெயர், அவ்வளவுதான்.

தம்பி பெயிண்டர். சுற்றுவட்டாரத்தில் பாதிச் சுவர்கள் அவன் கை பட்டவை. தன் வீட்டுக்கு மட்டும் அவன் புது டப்பா உடைத்ததே இல்லை. வேலை முடிந்த இடங்களில் டப்பாவின் அடியில் மிச்சமிருப்பதைக் கேட்டு வாங்கி வந்து அடிப்பான். கூடத்தில் ஒரு சுவர் பல் டாக்டருடையது, எதிர்ச்சுவர் நகைக்கடைக்காரருடையது, சமையலறை பள்ளிக்கூடத்துக் கழிப்பறையுடையது. யாராவது வீட்டுக்கு வந்தால் வாயாடி நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க, இது வக்கீல் வீட்டு மாடிச் சுவரு. ஃபீஸ் கேக்காம வக்கீல் வீட்டுல உக்கார யாருக்குக் குடுத்து வெச்சிருக்கு?" என்பாள்.

இந்த வருஷம் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை எழும்பியது. அக்காவுக்காக. பிறந்ததிலிருந்து அவளுக்கென்று ஒரு கதவு இருந்ததில்லை. சித்தாளாகக் கல்லும் மண்ணும் சுமந்த காலத்தில், கட்டி முடியாத யார் யார் வீட்டிலோ படுத்தாள். அப்புறம் தம்பி வீட்டுக் கூடம். எல்லோரும் அடங்கிய பிறகு பாயை விரித்து, எல்லோரும் எழுவதற்குள் சுருட்டி வைத்துவிடுவாள். தம்பி அறையைக் கட்டினான், சுவருக்கு வெள்ளைப் பட்டி பார்த்தான், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழவென்று ஆக்கினான். பிறகு வந்து முன்னால் நின்றான்.

"இந்த ரூமுக்கு மிச்சம் மீதி கிடையாது. புது டப்பா. என்ன கலருன்னு நீதான் சொல்லணும்."

"எதையாவது அடிடா. சுவத்தப் பாத்துக்கிட்டா உக்காந்திருக்கப் போறேன்?"

"எவ்வளவு வீட்டுக்கு அடிச்சிருப்பேன். சொந்தத்துல ஒருத்தர் எங்கிட்ட இந்தக் கலர் அடின்னு கேட்டதில்ல. நீ சொல்லு, நான் அடிக்கிறேன். எனக்கு அது போதும்."

சமையலறையிலிருந்து வாயாடியின் குரல் வந்தது. "சும்மா விட்டுடாதீங்க. பச்சையும் நீலமும் சுவத்துல அடிச்சுக் காட்டுங்க. அண்ணியைப் பக்கத்துல நிக்க வெச்சு, அவங்க வாயால சொல்லச் சொல்லுங்க."

அக்கா சமையலறைப் பக்கம் முறைத்தாள். இவளுக்கு எதற்கு இந்த வேலை?

விஷயம் இதுதான். அக்காவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று இல்லை, சுண்ணாம்புச் சுவர் உதிர்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் விளக்கைச் சுற்றி ஒரு வட்டம் வந்தது. பிறகு எதிரே வருகிறவர் முகம் கரைந்தது. இப்போது எல்லாமே பாத்திரம் கழுவிய தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரிதான். நிறம் என்று ஒன்று இருந்ததே மறந்துவிட்டது. சிவப்பு மட்டும் அடம்பிடித்துக் கொஞ்சம் தெரியும். மற்றதெல்லாம் பழந்துணி.

ஓட்டலில் யாருக்கும் தெரியாது. பாத்திரம் கழுவக் கண் எதற்கு? பிசுக்கு போயிற்றா இல்லையா என்று விரல் சொல்லும். வீட்டிலும் சமாளித்தாள். உப்பு டப்பாவின் கழுத்தில் ஏதோ ஒரு நூல் சுற்றிக் கிடந்தது. அதைத் தடவிப் பார்த்து உப்பு எது, சர்க்கரை எது என்று கண்டுகொண்டாள். பின்வாசல் படிகளின் விளிம்பு மட்டும் எப்படியோ சற்று வெளுப்பாகத் தெரிந்தது. அதைக் குறிவைத்துக் காலை வைத்தாள். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

ஒரே ஒரு தடவைதான் வாயாடி வாயைத் திறந்தாள். "அண்ணி, ஒரு எட்டு போய்க் கண்ணக் காட்டிட்டு வருவமா?"

"எனக்குக் கண்ணு தெரியலன்னு உங்கிட்ட வந்து அழுதேனா? உன் வேலையப் பாருடி!" என்று அக்கா எரிந்து விழுந்தாள். அதோடு சில நாள் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. அதற்குப் பிறகு வாயாடி அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அக்காவின் பயம் வேறு. அவர்களுடைய அம்மாவும் இப்படித்தான் ஆரம்பித்தாள். கண் மங்கியது, நடை மங்கியது, கடைசியில் மூலையில் ஒரு சாக்கை விரித்து அவளை உட்கார வைத்தார்கள். சோறு வைத்தால் சாப்பிட்டாள், கையைப் பிடித்தால் எழுந்தாள். சாகும்வரை அந்த மூலையைவிட்டு நகரவில்லை. வயசானால் இப்படித்தான் என்றார்கள், இவர்களும் நம்பினார்கள். தன்னை யாராவது கையைப் பிடித்து நடத்துகிற நிலைமையை அக்காவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சாரப் பலகையில் தம்பியைக் கைபிடித்து நடத்தியவள் அவள். அந்தக் கை இடம் மாறக் கூடாது.

அதனால் தந்திரமாக நடந்துகொள்வது என்று முடிவு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டலுக்குக் கிளம்பும்போது, புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "ஜன்னலுக்கு வலது பக்கம் பச்சை, இடது பக்கம் நீலம். கதவு அகலத்துக்கு அடிச்சா நல்லாத் தெரியும்." அக்காவுக்கு அது போதும். வலது பச்சை, இடது நீலம். நாள் முழுக்கப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அதைப் பாடம் பண்ணினாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் நேராகப் பின்பக்கம் போனாள். அறைக்குள் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியது. தம்பி தரையில் குந்தியிருக்கிறான் என்பது தெரிந்தது. டப்பாவில் குச்சி உரசும் சத்தம் கேட்டது.

"வந்துட்டியா? இருக்கா, கொஞ்சம்..."

"என்னத்த இருக்கறது? அதான் வந்தாச்சுல்ல." அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். வீடு பார்க்க வருகிற பெரிய மனுஷர்கள் போல் தலையை வலப்பக்கம் சாய்த்தாள், இடப்பக்கம் சாய்த்தாள். "பச்சை பரவால்ல. ஆனா கொஞ்சம் அழுத்தம்டா. இடது பக்கத்து நீலந்தான் நல்லாருக்கு. பாத்தாலே குளுகுளுன்னு இருக்கு. மேல மட்டும் திட்டுத்திட்டாத் தெரியுது. இன்னொரு கோட்டு குடுத்தா சரியாயிரும்."

திட்டு என்றது அவளுடைய சொந்தச் சரக்கு. பொய் சொல்லும்போது ஒரு குறையையும் சேர்த்துச் சொன்னால்தான் நம்புவார்கள் என்பது அவள் அனுபவம்.

குச்சியின் சத்தம் நின்றது.

"அக்கா."

"என்னடா?"

"நீல டப்பாவ இப்பத்தான் திறந்தேன். இன்னும் கலக்கிக்கிட்டுதான் இருக்கேன். இடது பக்கம் வெறும் பட்டி."

அக்கா மாட்டிக்கொண்டாள். ஆனாலும் விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாத வாய். "அதத்தான் சொல்றேன். பட்டியே நல்லாருக்குன்னு."

வாசலில் வாயாடி நிற்பது அவளுடைய வளையல் சத்தத்தில் தெரிந்தது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறவள். அவள் சிரிக்கவில்லை.

தம்பி எழுந்து வந்து அவள் முகத்துக்கு நேரே எதையோ நீட்டினான். "இது என்ன? சொல்லு."

"என்னடா பரீட்சையா வைக்கிற?"

"என்னன்னு சொல்லுக்கா!"

"...பிரஷு."

"என் கையி. வெறும் கையி." அவன் குரல் உடைந்தது. உடைந்ததும் அது கோபமாகத்தான் வந்தது. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வேறு விதமாக வராது. "எவ்வளவு நாளா இப்படி? அம்மா மாதிரி மூலையில உக்காரலாம்னு திட்டம் போட்டிருந்தியா? அதுக்கா நான் ரூம் கட்டினேன்?"

"கத்தாதடா. உன்னை மணல் மேட்டுல படுக்க வெச்சுட்டுக் கல்லு சுமந்தவடா நான்."

"ஆமா, சுமந்த. என்னையும் சுமந்த, கல்லையும் சுமந்த. அதுக்குப் பதிலா நான் உங்கிட்ட ஒரே ஒரு கலருதான் கேட்டேன். அதுலயும் பொய் சொல்லிட்ட."

அக்கா பட்டி பார்த்த சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். உள்ளங்கையில் வழவழவென்று பட்டது. எவ்வளவு நேரம் தேய்த்திருப்பான் இந்தச் சுவரை என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது.

"கண்ணுல கத்தி வெச்சா இருக்கறதும் போயிரும்டா," என்றாள் மெதுவாக.

"போனாப் போகுது. இப்ப மட்டும் என்னத்தப் பாத்துக் கிழிக்கிற? இல்லாத நீலத்தத்தான பாக்குற?"

இதற்குத்தான் வாயாடி சிரித்தாள். பாதியில் அது அழுகையாக மாறிற்று. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, புரை முற்றிப்போயிருக்கிறது என்றாள். முதலில் ஒரு கண்ணுக்கு ஆப்பரேஷன், ஆறியதும் மற்றதற்கு. "தலை வாரிப் பின்னல் போடுற நேரந்தாம்மா ஆகும். இதுக்கா இவ்வளவு நாள் ஒளிஞ்சு திரிஞ்சீங்க?"

அக்கா தம்பி பக்கம் திரும்பாமல் கேட்டாள். "எங்கம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு டாக்டர். அவங்களுக்கும் இதானா?"

"பாக்காம எப்படிச் சொல்றது? ஆனா பெரும்பாலும் இதாத்தான் இருக்கும்."

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அக்காவையும் தம்பியையும் யாரும் தடுக்கவில்லை, ஏமாற்றவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றாமல் ஒரு மனுஷியை மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். அந்தப் பாரம் கல்பாரத்தைவிடக் கனம் என்று அக்காவுக்குத் தெரிந்தது. அதை இறக்கி வைக்க இடமும் இல்லை. "சரி, வெட்டுங்க," என்றாள்.

கண்கட்டைப் பிரித்த காலையில் அவள் முதலில் பார்த்தது ஒரு வாளி. அறை மூலையில், தரை துடைக்கிறவள் வைத்துவிட்டுப் போன பிளாஸ்டிக் வாளி. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நீலமாக ஒரு பொருள் இருக்க முடியுமா? அழுக்குத் தண்ணீர் பாதி நிறைந்த பழைய வாளி, வெட்கமில்லாமல் அப்படி ஜொலித்தது.

தம்பி குனிந்து, "என்னக்கா, தெரியுதா?" என்றான்.

அவனைப் பார்த்தாள். சின்ன வயசில் தான் எண்ணெய் தடவி வாரிவிட்ட அவன் தலைதான் ஞாபகத்தில் இருந்தது. "டேய், ஆஸ்பத்திரிக்கு வரும்போதாவது குளிச்சுட்டு வரக் கூடாதா? தலையெல்லாம் சுண்ணாம்பு பாரு. தட்டி விடு."

தம்பி தலையைத் தடவினான். "சுண்ணாம்பு இல்லக்கா. நரை."

"எப்படா நரைச்சுது?"

"உன் கண்ணு முன்னாலதான் நரைச்சுது."

அக்கா கையை நீட்டி அவன் தலையைத் தொட்டாள். கிழவனாகிக்கொண்டிருக்கிறான் பயல். பார்க்காமலே விட்டுவிட்டோமே என்று இருந்தது. ஆனாலும் பார்க்கக் கிடைத்ததே என்று உடனே ஒரு நிம்மதி. நன்றி என்ற வார்த்தை அவர்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லாதது. அதனால், "முகத்தையாவது சிரைச்சுட்டு வந்திருக்கலாம்," என்று சொல்லி முடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை பாத்திர அலமாரியைத் திறந்தது. தான் கழுவி அடுக்கிய பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஒரு கறை இல்லை. விரல்கள் பொய் சொல்லவில்லை. அந்தத் தெம்பில் நிமிர்ந்து பார்த்தால், மேலே மூலைக்கு மூலை ஒட்டடை தொங்கியது.

"ஏன்டி, இதென்ன வீடா குகையா?"

"வந்துட்டாங்கய்யா மகாராணி!" வாயாடி கையைத் தட்டினாள். "பேசாம அந்தக் கட்ட மறுபடியும் கட்டி விடச் சொல்லுங்க. நான் நிம்மதியா இருந்தேன்."

அக்கா சிரித்துக்கொண்டே தண்ணீரில் போட்டுக் குடிக்க உப்பும் சர்க்கரையும் எடுக்கக் கை நீட்டினாள். வழக்கம்போல் விரல் நூலைத் தேடியது. இப்போது அது கண்ணிலும் பட்டது. பட்டதும் கை அப்படியே நின்றது. அது ஏதோ ஒரு நூல் இல்லை. சிவப்புத் துணியை நாடாவாகக் கிழித்து, மடித்துத் தைத்து, முடிச்சு நன்றாக விரலில் தட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டியிருந்தது. தைத்த கை யாருடையது என்று தையலே சொன்னது.

கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு அக்கா பின்வாசலுக்குப் போனாள். படிகள். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் கோடு. நேராகக்கூட இல்லை. தம்பி இழுத்த கோடாக இருந்தால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். இது கோணல்மாணல். கரண்டி பிடித்த கை இழுத்தது. நடந்து நடந்து நடுவில் தேய்ந்திருந்தது. தேய்ந்த இடங்களில் அடியில் இன்னொரு பழைய கோடு தெரிந்தது. ஒரு தடவை இழுத்ததில்லை, அழிய அழிய இழுத்திருக்கிறாள்.

அக்கா மேல்படியில் உட்கார்ந்துவிட்டாள். தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு நடந்த பாதை முழுக்க இன்னொருத்தி முன்னால் குனிந்து போட்டுவைத்தது. முக்காலி எப்போதும் ஒரே இடத்தில் இருந்தது, தண்ணீர்க் குடத்தின் மூடிமேல் சொம்பு கவிழ்ந்தே இருந்தது, நடைபாதையில் ஒரு செருப்புக்கூடக் கிடந்ததில்லை. எல்லாம் ஒவ்வொன்றாக நினைவில் வந்து நின்றன. பக்கத்து வீட்டுக்காரி என்ன கறிகாய் வாங்கினாள் என்பதைக்கூட வெளியே சொல்லாமல் மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் வாயாடி. இதை மட்டும் எப்படி வைத்துக்கொண்டாள்?

"ஏ வாயாடி, இங்க வா."

வந்தாள். அக்கா கோட்டைக் காட்டினாள். "யாரு வேலை இது?"

வாயாடி முந்தானையில் கையைத் துடைத்தாள். "பிரஷ் கழுவாம வெச்சிருந்தாரு. காஞ்சிரும்னு சும்மா இழுத்துப் பாத்தேன்."

"பொய் சொல்லும்போது நேராப் பாத்துச் சொல்லு. இப்ப எனக்கு முகம் தெரியுது."

"அப்புறம் என்ன பண்ணச் சொல்றீங்க?" அவளுக்குச் சட்டென்று பொங்கிவிட்டது. "ஒரு தடவை வாயைத் திறந்ததுக்கே பேச்ச நிறுத்திட்டீங்க. அவர்கிட்டச் சொன்னா, கட்டிக்கிட்டு வந்தவ கோள் மூட்டுறான்னு நினைப்பீங்க. விழுந்து கிடந்தீங்கன்னா யாரு தூக்கறது? எனக்கு இடுப்பு வலி வேற."

"அதனாலதான் கலர் கேக்கச் சொன்னியா? பக்கத்துல நிக்க வெச்சு?"

வாயாடி பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாமல் நின்றதை அக்கா வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தாள். முகத்தையும் நன்றாகப் பார்த்தாள். கன்னத்தில் புதிதாக ஒரு மங்கு, கண்ணுக்குக் கீழே கருவளையம், மேலுதட்டில் வேர்வை. நல்ல முகம்.

"உக்காரு இப்படி," என்று பக்கத்தில் தட்டினாள். வாயாடி உட்கார்ந்தாள். அக்கா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கை சொரசொரவென்று இருந்தது. தன் கை மாதிரியே.

"என்ன அண்ணி, சொத்து எழுதி வைக்கப் போறீங்களா?"

"ஆமா. அண்டாவும் கரித்துணியும் இருக்கு. ரெண்டும் உனக்குத்தான்."

மறுநாள் தம்பி அவளை அறைக்கு அழைத்துப் போனான். ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் இப்போது நிஜமாகவே இரண்டு நிறம். வலது பக்கம் வெளிர்பச்சை, அப்போதுதான் விரிந்த இலையின் அடிப்பக்கம் போல. இடது பக்கம் நீலம். அக்கா புதுக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பழைய கண்ணால் பார்த்தாள். இரண்டும் ஒரே கழுநீர். பழைய கண்ணைப் பொத்திக்கொண்டு புதுக்கண்ணால் பார்த்தாள். இரண்டும் இரண்டு உலகம். மாற்றி மாற்றிப் பொத்தினாள்.

"என்னக்கா கண்ணாமூச்சி ஆடுற?"

"இருடா. இவ்வளவு நாள் எதப் பாத்துக்கிட்டிருந்தேன்னு பாக்கறேன்."

அவசரப்படாமல் பார்த்தாள். சுவருக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள், கதவோரம் நின்று பார்த்தாள், பாய் விரிக்கப்போகிற இடத்தில் படுத்தும் பார்த்தாள். தம்பி பொறுமையாக நின்றான். பச்சையும் கெட்டிக்காரப் பச்சைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் நீலம் அந்த ஆஸ்பத்திரி வாளியின் சொந்தக்காரப் பிள்ளை மாதிரி இருந்தது.

"நீலம்," என்றாள். "அன்னிக்கே சொன்னேன், நீதான் கேக்கல."

"அன்னிக்கு அது சுவத்துலயே இல்ல."

"மேல திட்டுத்திட்டா இருக்குன்னும் சொன்னேன். இருக்கு பாரு."

"என் கையில திட்டா? இத்தனை வருஷத்துல ஒருத்தன் சொன்னதில்ல," என்று தம்பி ரோஷத்தோடு முக்காலியில் ஏறினான். முகத்தைச் சுவரோடு வைத்துப் பார்த்தான். விரலால் தடவினான். பிறகு, "அட, ஆமா," என்று இறங்கினான். அன்று வேலை முழுக்கச் சிரித்துக்கொண்டே செய்தான்.

அறை முழுக்க நீலமாகிக் காய்ந்த பிறகு, சுவருக்கு அடியில் பச்சை டப்பா மிச்சம் இருந்தது. அந்த வீட்டுக்குச் சொந்தமான முதல் மிச்சம். அக்கா அதை எடுத்தாள், பிரஷையும் எடுத்தாள், பின்வாசலுக்குப் போய்க் கடைசிப் படியில் குந்தினாள். தேய்ந்துபோன வெள்ளைக் கோட்டின் மேல் பச்சையை வைத்து இழுக்க ஆரம்பித்தாள். அவள் கையும் கோணல்தான்.

வாயாடி துணி காயப்போட வந்தவள் நின்றுவிட்டாள். "என்ன அண்ணி இது? இனிமே எதுக்குக் கோடு? அடுத்த கண்ணும் சரியாயிட்டா உங்களுக்குப் பளிச்சுன்னு தெரியப் போகுது."

"எனக்குன்னு யாருடி போடறா?" அக்கா தலை நிமிரவில்லை. அடுத்த படிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். "உனக்கு வயசாகாதா?"